முதுகை மூடும், வாலை விட்டுவிடும்: நீந்தும் நாய்களுக்கான டவல் கோட் ஒரு மதிப்பீடு

தண்ணீரை விட்டு இப்போதுதான் ஏறிய லாப்ரடார் ஒன்றின் மேல் டவல் கோட்டைப் போர்த்திவிட்டுப் பின்பக்கமாகப் போய் நின்று பாருங்கள். கழுத்து மூடியிருக்கும், மார்பு மூடியிருக்கும், முதுகும் வயிறும் மூடியிருக்கும். இடுப்பெலும்புக்கு நான்கு விரல் தள்ளி, வால் தொடங்குவதற்குச் சற்று முன்னால் துணி முடிந்துவிடும். முதுகிலிருந்து உறிஞ்சிய தண்ணீரெல்லாம் அந்த மடித்துத் தைத்த ஓரத்தில் வந்து தேங்கும். நாய் உட்கார்ந்தால் அந்த ஈர ஓரம் சுருண்டு வாலின் அடியில் போய் அழுந்தும். உடம்பு காய்ந்துகொண்டிருக்கும்போது, ஓடியும் நீந்தியும் களைத்த நாய்க்கு எந்த இடம் காய வேண்டுமோ அந்த இடம் மட்டும் நனைந்துகொண்டே இருக்கும்.

சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான உலர்த்து கோட்டுகளின் முதல் குறை இதுதான். துணியின் தரம், நிறம், பட்டையின் அழகு எல்லாவற்றையும் பார்க்கிறவர்கள் பின் ஓரத்தைப் பார்ப்பதில்லை. சோபாவில் படுத்துத் தூங்கும் நாய்க்கு அது பெரிய விஷயமில்லை. ஆனால் தண்ணீரில் எறிந்த பொம்மையை எடுத்துவரும் நாய், வேட்டை நாய், தேடுதல் வேலைக்குப் பழக்கிய நாய் இவற்றுக்கு வால் அடிதான் பலவீனமான இடம். ஆகவே இந்த மதிப்பீட்டில் கோட்டை வால் பக்கத்திலிருந்துதான் அளக்கிறோம்.

வாலுக்கு என்ன வந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு: லிம்பர் டெயில். மருத்துவப் பெயர் அக்யூட் காடல் மயோபதி, அதாவது வால் தசையில் திடீரென்று ஏற்படும் பாதிப்பு. நேற்று முழுக்க ஓடி விளையாடிய நாய் இன்று காலை எழுந்தால் வால் துவண்டு தொங்கும். சில நாய்களுக்கு அடியிலிருந்தே பிடி விட்டதுபோல் தொங்கிவிடும். சிலவற்றுக்கு முதல் எட்டு, பத்து சென்டிமீட்டர் கிடைமட்டமாக விறைத்து நின்று, அதற்கப்புறம் ஒடிந்த கிளைபோல் கீழே விழும். இந்த இரண்டாவது தோற்றத்தைப் பார்த்துத்தான் பலர் எலும்பு முறிந்துவிட்டது என்று பதறுவார்கள். அடிப்பகுதியைத் தொட்டால் வலிக்கும். அங்கே வீக்கம் இருந்தால் மேல்புற முடி சிலிர்த்து நிற்கும். உட்காரத் தயங்கும், மலம் கழிக்க முதுகை வளைக்கும்போது முனகும். பெரும்பாலும் சில நாட்களில், அதிகம் போனால் இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். இருந்தாலும் அந்த நாட்களில் நாய்க்கு வலி உண்மையானது. வாலை ஆட்ட முடியாமல் நம்மைப் பார்க்கிற அதன் முகத்தைப் பார்க்கவே மனசு கேட்காது.

பாதிப்பு நரம்பில் இல்லை, தசையில். 1999-இல் வெளியான ஆய்வொன்று இங்கிலீஷ் பாயின்டர் நாய்களில் இதைக் காட்டியது. வால் விழுந்த ஆரம்பத்தில் தசை சேதத்தைக் காட்டும் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி ரத்தத்தில் லேசாக ஏறியிருந்தது. ஊசி மின்முனையால் தசைகளின் மின் செயல்பாட்டைச் சோதித்தபோது வால் தசைகளில் மட்டும் இயல்பு மாறியிருந்தது. அதிகம் அடிபட்டவை வாலின் இரு பக்கமும் முள்ளெலும்புக்கு முள்ளெலும்பு ஓடும் சிறு தசைகள். நீந்தும்போது வாலைச் சுக்கான்போல இடமும் வலமும் திருப்பும் வேலையில் இந்தப் பக்கத் தசைகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை நினைத்துப் பார்த்தால் நீச்சலுக்கும் இந்த வலிக்கும் உள்ள உறவு புரியும்.

2016-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ரோஸ்லின் நிறுவனத்தினர் பிரிட்டனில் லாப்ரடார்களை மட்டும் வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். வால் விழுந்த 38 நாய்களை, விழாத 86 நாய்களோடு ஒப்பிட்டார்கள். நீந்தும் நாய்களுக்கும் வேலை நாய்களுக்கும் இது வர வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. வடக்கே போகப் போக, அதாவது குளிர் கூடக் கூட, வாய்ப்பும் கூடியது. பாதிக்கப்பட்டவை ஒன்றுக்கொன்று ரத்த உறவிலும் நெருங்கியிருந்தன. கோட் போட்டால் தப்பிக்கலாமா என்பது அந்த ஆய்வின் கேள்வியே அல்ல. ஆகவே எந்தக் கோட்டின் அட்டையிலாவது 'லிம்பர் டெயில் வராமல் தடுக்கும்' என்று அச்சிட்டிருந்தால் அந்த வரியை நம்பி வாங்காதீர்கள். நாயின் உடல் பழக்கத்துக்கு மிஞ்சிய உழைப்பு, நீச்சல், குளிரும் ஈரமும், நெருக்கமான கூண்டில் நீண்ட பயணம் இவையெல்லாம் சேர்ந்து வாலைப் படுக்கவைக்கின்றன. கோட் இதில் குளிர், ஈரம் என்ற ஒரு பங்கை மட்டும் குறைக்க முடியும். அதைக்கூட வால் அடிவரை எட்டினால்தான் செய்ய முடியும்.

இனி துணிக்கு வருவோம்.

பருத்தி டவல் துணி, அதாவது வளைய நூல் வைத்து நெய்தது, கையில் எடுத்ததும் திருப்தியாக இருக்கும். கனமானது, பஞ்சுபோல் இருப்பது, தண்ணீரை நன்றாகக் குடிப்பது. ஆனால் குடித்த தண்ணீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். நனைந்த பருத்தி சூட்டைப் பிடித்து வைக்காது. காற்று வீசினால் போர்த்தியதே குளிர்விக்க ஆரம்பித்துவிடும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய இருபத்தைந்து மடங்கு வேகமாக உடல் சூட்டைக் கடத்தும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், நனைந்த பருத்திக் கோட்டோடு நாயை ஒரு மணி நேரம் விட்டுவிடுவது எவ்வளவு தவறு என்று தெரியும். இன்னொன்று, பருத்தி சுருங்கும். ஐந்து சதவீதம் சுருங்கினாலே 65 செ.மீ. நீளக் கோட்டில் மூன்று செ.மீ.க்கு மேல் போய்விடும். போவது எங்கே? பின் ஓரத்தில்தான். கடையில் சரியாக இருந்த கோட் நான்கு சலவைக்கு அப்புறம் வால் அடியைத் திறந்துபோட்டு நிற்பதற்கு இதுதான் காரணம். புதுப் பருத்திக் கோட்டை இரண்டு மூன்று முறை துவைத்த பிறகுதான் நாய்க்குப் போட வேண்டும். ஆலையில் ஏற்றிய மெருகு போனால்தான் உறிஞ்சும் தன்மை முழுசாக வரும். சுருங்குவதும் அப்போதே தெரிந்துவிடும். அளவு குறைந்தால் மாற்றிக்கொள்ள முடியுமா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். துவைத்ததைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று சொல்லும் கடையில் ஒரு அளவு பெரிதாக வாங்குவதே புத்திசாலித்தனம்.

மைக்ரோஃபைபர் கோட்டுகள் இந்த வேலைக்கு நம் முதல் தேர்வு. பெரும்பாலும் எண்பது பங்கு பாலியெஸ்டர், இருபது பங்கு பாலியமைடு. நூல் மிக மெல்லியது என்பதால் இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய சந்துகள் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். எடை குறைவு, நனைந்தாலும் பருத்தி அளவுக்குத் தொங்கிக் கனக்காது. பிழிந்தால் தண்ணீர் விட்டுவிடும், உதறி மாட்டினால் சீக்கிரம் காயும். வால் வலி வரும் நாய்க்கு இந்த எடை குறைவு பெரிய விஷயம். அது ஏன் என்று கீழே வருகிறது. குறைகளும் உண்டு. புல் விதை, முள், உதிர்ந்த முடி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். துணியை மென்மையாக்கும் திரவம் ஒரே ஒரு தடவை பட்டாலும் இழைச் சந்துகளில் படலம் படிந்து உறிஞ்சும் சக்தி குறையும். 'வாங்கிய இரண்டு மாதத்தில் தண்ணீர் மேலேயே உருண்டு ஓடுகிறது' என்று வரும் புகாருக்கு அநேகமாக இதுவே காரணம். துணியைக் குறை சொல்லிப் பயனில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில், பருத்தித் துணிகளோடு சேர்க்காமல், சாதாரண சோப்புத்தூள் கொஞ்சமாகப் போட்டுத் துவையுங்கள். அதிகச் சூட்டில் இயந்திரத்தில் உலர்த்தினால் இழை கெட்டு விறைத்துவிடும்.

ஃப்ளீஸ், அதாவது பாலியெஸ்டரில் செய்த மெத்தென்ற குளிர்காலத் துணி. அந்தக் கோட்டை உலர்த்து கோட் என்று விற்பதே சரியில்லை. பாலியெஸ்டர் இழை தன் எடையில் ஒரு சதவீதம்கூட ஈரத்தை உள்ளே வாங்காது. ஈரத்தை வெளிப்பக்கத்துக்குத் தள்ளிவிட்டு உள்ளே கதகதப்பைக் காப்பதுதான் அதன் வேலை. அதனால் இரண்டாவது கோட்டாக அது பிரமாதம். முதலில் மைக்ரோஃபைபரில் ஈரத்தை எடுத்துவிட்டு, பயணத்தின்போது ஃப்ளீஸ் போட்டால் நாய் கதகதப்பாக வீடு வந்து சேரும். சொட்டச் சொட்ட நனைந்த நாய்க்கு நேரடியாகப் போட்டால் அடிமுடியில் இருக்கும் தண்ணீர் அங்கேயே கிடக்கும். வெளிப்பக்கம் மழைத்துணி, உள்பக்கம் டவல் என்று இரண்டையும் சேர்த்துத் தைத்த கோட்டுகள் மழையில் நிற்கும்போது உதவும். உலர்த்துவதற்கு வாங்க வேண்டாம். ஆவி வெளியேற வழியில்லாமல் உள்ளே வேர்த்துக்கொண்டே இருக்கும்.

இப்போது பின்பக்க வெட்டு. கோட்டை வாங்குவதா வேண்டாமா என்பதை இதுவே முடிவு செய்கிறது.

மூன்று வகை வெட்டு பார்க்கலாம். நேராக வெட்டி ஓரம் தைத்தவை வால் அடிக்கு முன்பே நின்றுவிடும். நாக்குபோல் பின்னால் ஒரு மடல் நீண்டிருப்பவை வால் அடியை மூடும், இதுதான் வேண்டும். மூன்றாவது வகையில் மடல் நழுவாமல் இருக்க வாலைச் சுற்றி ஒரு எலாஸ்டிக் வளையம் வைத்திருப்பார்கள். இந்த வளையம் வைத்ததை எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிடுங்கள். நாய் குதித்து ஏறும்போதும் உடம்பை உதறும்போதும் கோட் முன்னால் இழுபடும். அந்த இழுப்பு முழுவதும் வாலின் அடியில்தான் விழும். ஏற்கெனவே களைத்த தசையை வளையம் வைத்துக் கட்டி இழுப்பது நாய்க்குச் செய்யும் கொடுமை. மடலை நிலைநிறுத்தப் பின்தொடைகளைச் சுற்றிப் போகும் தளர்வான எலாஸ்டிக் பட்டை போதும். அதற்குள் இரண்டு விரல் எளிதாக நுழைய வேண்டும்.

மடலின் நீளமும் அளவோடு இருக்க வேண்டும். லாப்ரடார் அளவுள்ள நாய்க்கு வால் அடியைத் தாண்டி ஏழெட்டு சென்டிமீட்டர் போதும். அதற்கு மேல் நீண்டால் நனைந்த துணியின் பாரம் வாலின் மேல் தொங்கும். நாய் வாலைத் தூக்க முயன்று தூக்க முடியாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். மைக்ரோஃபைபரின் எடை குறைவு முக்கியம் என்று மேலே சொன்னது இதனால்தான். மடலின் நுனியைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள்: ஓரத்தில் தடித்த நாடா வைத்து இரட்டைத் தையல் போட்டிருந்தால் அந்த நாடாதான் கடைசியாகக் காயும். ஒற்றை மடிப்பில் மெல்லியதாகத் தைத்தது மேல். சிலர் அலங்காரத்துக்காக அந்த இடத்திலேயே கம்பெனிப் பெயரைத் தடித்த ரப்பர் அட்டையில் வைத்துத் தைக்கிறார்கள். நாய் படுக்கும்போது அது நேராக வால் அடியில் குத்தும்.

அளவு எடுக்கும்போது நாய் நான்கு காலிலும் நேராக நிற்க வேண்டும், தலை குனியக் கூடாது. கழுத்துப்பட்டை இயல்பாகக் கிடக்கும் இடத்திலிருந்து வால் முதுகோடு சேரும் இடம்வரை நாடாவைப் பிடியுங்கள். சேரும் இடம் எது என்று குழம்பினால் வாலை மெல்ல மேலே தூக்குங்கள். மடிப்பு விழும் இடம்தான் அது. மார்புச் சுற்றளவு முன்னங்கால்களுக்குப் பின்னால், விலா அகலமாக இருக்கும் இடத்தில். இரண்டு அளவுக்கு நடுவில் நாய் நின்றால் நீளமானதை எடுங்கள். ஆனால் ஆண் நாய்க்கு வயிற்றுப் பட்டை நீண்டுபோனால் சிறுநீர் அதிலேயே படும். வயிற்றுப் பட்டை தனியாகச் சரிசெய்யும்படி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெல்க்ரோவின் சொரசொரப்புப் பக்கம் உடம்பைப் பார்த்து வரும்படி தைத்திருந்தால் தொடை முடியைப் பிடுங்கும், துணியின் வளைய நூலையும் பிய்த்துவிடும்.

எவ்வளவு நல்ல கோட்டானாலும் முதல் இரண்டு நிமிடம் கையால் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாது. தண்ணீரிலிருந்து ஏறியதும் நாய் தானாகவே உடம்பை உதறட்டும், இரண்டு தடவை உதறினால் நல்லது. அப்புறம் சின்ன டவலால் வாலை அடியில் பிடித்து, அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு நுனிவரை போங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது, உருவி இழுக்கவும் கூடாது. லாப்ரடாரின் வால் அடி தடிமனானது. மேல்முடிக்குக் கீழே அடர்ந்த அடிமுடி இருக்கும். மேலே தடவிப் பார்த்தால் காய்ந்ததுபோல் தோன்றும், விரலால் முடியை வகிர்ந்து பார்த்தால் தோலோடு ஒட்டி ஈரம் தெரியும். அந்த இடத்தில் டவலின் உலர்ந்த பக்கத்தை வைத்துப் பத்து எண்ணும்வரை அழுத்துங்கள். அதன் பிறகு கோட்டைப் போர்த்தி, மடலை வாலின் இரு பக்கமும் கையால் பொதிந்து விடுங்கள்.

இருபது நிமிடம், அதிகம் போனால் அரை மணி நேரம். அதற்குள் கோட் உறிஞ்ச வேண்டியதை உறிஞ்சியிருக்கும். இனி அதைக் கழற்றி உலர்ந்த இன்னொன்றைப் போட வேண்டும், அல்லது கழற்றிவிட்டு விட்டுவிட வேண்டும். அதனால் விலை கூடிய ஒரு கோட்டைவிடச் சுமாரான இரண்டு கோட்டுகள் மேல். வெயில் நாளில் கோட் தேவையே இல்லை. மூச்சிரைத்து நிற்கும் நாய்க்குக் கோட் போர்த்தினால் உடல் சூடு தணிய வழியில்லாமல் வெப்பத் தாக்குதல் வரும். வால் வலியைவிட அது பல மடங்கு ஆபத்து. இரைப்பு அடங்கட்டும், அப்புறம் போர்த்தலாம்.

கோட்டோடு சேர்த்து விற்கும் பயணக் கூண்டு பற்றியும் ஒரு வார்த்தை. வால் மடிந்து, சுவரில் அழுந்தி மணிக்கணக்கில் கிடந்தால் கோட் எவ்வளவு உலர்த்தியும் பயனில்லை. விமானத்தில் விலங்குகளை அனுப்ப பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் வைத்திருக்கும் அளவு சாலைப் பயணத்துக்கும் நல்ல அடிப்படை: மூக்கு நுனியிலிருந்து வால் அடிவரை உள்ள நீளத்தோடு, தரையிலிருந்து முழங்கை மூட்டுவரை உள்ள உயரத்தில் பாதியைக் கூட்டுங்கள். 85 செ.மீ. நீளமும் 30 செ.மீ. கால் உயரமும் உள்ள நாய்க்கு உள்நீளம் 100 செ.மீ. கோட் போட்ட நாய் திரும்பிப் படுக்கத் தோள் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு அகலம் வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கி நடக்கவிடுங்கள்.

வால் ஏற்கெனவே விழுந்துவிட்டதா? கோட்டை அலமாரியில் வையுங்கள். மடல் எதுவும் வாலின் மேல் படவே கூடாது. இந்த நேரத்தில் நாய்க்கு வேண்டியது ஓய்வும் மருத்துவரும். கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு நாய்களுக்கான வலி, வீக்க மருந்து தரலாம். கார்ப்ரோஃபென், மெலோக்சிகாம் போன்றவை அப்படிப்பட்டவை. சீக்கிரம் தொடங்கினால் நாய்க்கு வலி சீக்கிரம் தணியும். வீட்டில் மனிதர்களுக்கு வாங்கி வைத்த ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரையைப் பாதியாக உடைத்துக்கூடக் கொடுக்காதீர்கள். வயிற்றில் புண், சிறுநீரகச் சேதம் வரை போகும். சூட்டு ஒத்தடப் பை வாங்கினால் தானியம் நிரப்பியது நல்லது, வாலின் வளைவுக்கு ஏற்றபடி படியும். உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்து அரை நிமிடம் சுகமாக இருக்கும் சூடுதான் அளவு. நடுவில் ஒரு துணி வைத்துப் பத்து நிமிடம், மருத்துவர் சரி என்றால் மட்டும், நாய் நகர்ந்துபோனால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். ஐஸ் வேண்டாம், குளிரே காரணங்களில் ஒன்று என்று தெரிந்தபின் அங்கே குளிர் வைப்பதில் அர்த்தமில்லை.

எல்லாத் தொங்கும் வாலும் லிம்பர் டெயில் அல்ல. வாலில் கோணல் தெரிந்தாலோ, கதவில் நசுங்கியிருந்தாலோ எலும்பைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும். வால் நுனியைத் தொட்டால் உணர்வே இல்லை, பின்னங்கால் தள்ளாடுகிறது, சிறுநீரோ மலமோ தானாக ஒழுகுகிறது என்றால் அது நரம்பு அல்லது முதுகெலும்புச் சிக்கல்; அன்றே காட்ட வேண்டும். ஆசனவாய்ச் சுரப்பி அடைத்துக்கொண்டாலும் நாய் இதேபோல் வாலைத் தாழ்த்தி, உட்காரத் தயங்கும்.

எதை வாங்குவது என்றால்: மெல்லிய மைக்ரோஃபைபர், பின்னால் மடல், வால் வளையம் இல்லாதது, தொடைப் பட்டை தளர்வானது, இரண்டு. பயணம் நீண்டால் கூடவே ஒரு ஃப்ளீஸ். பருத்தி பிடித்திருந்தால் ஒரு அளவு பெரிதாக, துவைத்த பிறகு. இதற்குச் செலவழிப்பவர்கள் நாயின் நீச்சல் நேரத்தையும் கணக்கில் எடுங்கள். ஓய்விலிருந்து திரும்பும் நாயை முதல் நாள் மூன்று அல்லது ஐந்து நிமிடம் நீந்தவிட்டு, கரையேற்றி, அதே அளவு நடக்கவிட்டு, மறுபடி ஒருமுறை மட்டும் இறக்குங்கள். மறுநாள் காலை வால் வழக்கம்போல் ஆடுகிறதா என்று பாருங்கள், உட்காரும்போது ஒரு பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால் அடுத்த முறை இரண்டு நிமிடம் கூட்டலாம்.